ஷார்லோ ஊர் சுற்றிய பதினாறு மாதங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் போன் செய்து, "நீங்களாவது அவன்கிட்ட சொல்லுங்கப்பா" என்றான். அவன் என்றால் என் பேரன். சென்னையில் ஒரு தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எழுதிக் கொடுக்கிற உத்தியோகம். அதை விடப் போகிறானாம். இனிமேல் ஊர் ஊராகப் போய் மேடையில் ஒற்றை ஆளாக நின்று பேசுவானாம். அதைப் படம் பிடித்துத் தானே யூட்யூபில் போட்டுக்கொள்வானாம். மாதச் சம்பளம் போகும், பி.எஃப். போகும். முப்பத்தாறு வருடம் அரசாங்கக் கோப்பு தூக்கிய தாத்தா புத்தி சொன்னால் பையன் கேட்பான் என்பது மகனின் கணக்கு.

பேரனும் வந்தான். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் வந்த மாதிரி முகம். காபி குடித்து முடிக்கும்வரை நானும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஷார்லோவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எங்கள் வயசுக்காரர்களுக்கு சார்லி சாப்ளின் என்ற பெயர் பிற்பாடுதான் பழக்கமானது. எங்களுக்கு அவர் ஷார்லோ. தொப்பியும் தடியும் அளவு மீறிய பூட்ஸுமாக வருகிற அந்த நாடோடிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த செல்லப் பெயர் அது. வகுப்பறைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, கடகடவென்று சத்தம் போடுகிற கருவியில் காட்டுவார்கள். வசனம் கிடையாது என்பதால் பிரெஞ்சு தெரிந்தவன், தெரியாதவன் எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. அந்த ஒரு மணி நேரத்தில் யாருக்கும் இலக்கணப் பிழைக்கு அடி விழாது.

எல்லாருக்கும் தெரிந்த அந்தப் படங்களை விட்டுவிட்டு, அவர் படமே எடுக்காத ஒரு காலத்தைத்தான் பேரனுக்குச் சொன்னேன். 1931 ஆரம்பத்தில் ஹாலிவுட்டை விட்டுக் கிளம்பியவர் 1932 ஜூனில்தான் திரும்பினார். கிட்டத்தட்ட பதினாறு மாதம். அந்தப் பயணத்தைப் பற்றி 'ஒரு நகைச்சுவை நடிகன் உலகைப் பார்க்கிறான்' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையில் ஐந்து பகுதிகளாக எழுதினார். நான் படித்தது பிரெஞ்சு மொழிபெயர்ப்பில்.

அவர் எந்த நிலையில் கிளம்பினார் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். 1914ல் வாரம் 150 டாலர் சம்பளத்துக்கு சினிமாவில் சேர்ந்தவர். நாலு வருடத்துக்குள் எட்டுப் படத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம், ஹாலிவுட்டில் சொந்த ஸ்டூடியோ. 1919ல் மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், கிரிஃபித் மூவரோடும் சேர்ந்து யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் என்ற விநியோகக் கம்பெனியைத் தொடங்கினார். எழுதுவது, நடிப்பது, இயக்குவது, முதலீடு செய்வது, விற்பது எல்லாம் தன் கையில். 1927க்குப் பிறகு பேசும் படம் வந்து ஊரெல்லாம் பேச ஆரம்பித்தபோது, "நான் பேச மாட்டேன்" என்று 'சிட்டி லைட்ஸ்' படத்தை மௌனப் படமாகவே எடுத்தார். அதற்கு இசையமைத்ததும் அவரேதான். நியூயார்க்கில் தோதான கொட்டகை கிடைக்காதபோது, தானே ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, தானே விளம்பரம் கொடுத்து ஓட்டினார். படமும் நன்றாக ஓடியது.

அந்தப் படத்தில் கண் தெரியாத பூக்காரி அவரிடம் பூவை நீட்டுகிற சின்னக் காட்சியை முந்நூறு தடவைக்கு மேல் எடுத்ததாகச் சொல்வார்கள். யோசனை வராத நாட்களில் ஸ்டூடியோவே சம்பளத்தோடு காத்துக் கிடக்குமாம். என் ஆபீசில் ஒரு குறிப்பை நாலாவது தடவை திருத்தி எழுதினால் சூப்பரின்டெண்டென்ட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். முந்நூறு என்றால் மருத்துவ விடுப்பில் அனுப்பியிருப்பார்கள்.

பேரன் இங்கே குறுக்கிட்டான். "அதைத்தான் தாத்தா நானும் சொல்றேன். அப்ப ஸ்டூடியோ, இப்ப யூட்யூப். நடுவுல எவனும் கிடையாது."

இங்கேதான் அவனோடு எனக்குக் கருத்து வேற்றுமை. ஷார்லோவிடம் இருந்தது சொந்த வீடு. இவன் சொல்வது வாடகை வீடு. பழைய வீட்டுக்காரன் உரிமையாளர் என்று தெரியும்படி கதவைத் தட்டி வருவான். புதியவன் முகமே தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒருநாள் காலையில் அந்தக் கம்பெனி தன் விதியை மாற்றினால் யாரிடம் போய் மனுக் கொடுப்பது? தொலைக்காட்சியிலாவது ஒரு மேலாளர் இருப்பார், நாலு வார்த்தை சண்டை போடலாம். அதற்காக வேலையை விடாதே என்று நான் சொல்லவில்லை. எழுதியதும் பேசியதும் யாருக்குச் சொந்தம் என்பதைக் காகிதத்தில் பார்த்துக்கொள், மூலப் பிரதியை உன் வசம் வைத்துக்கொள் என்றேன். குமாஸ்தா புத்தி, என்ன செய்வது. ஆனால் ஷார்லோவைக் கடைசி வரை காப்பாற்றியது அந்தப் புத்திதான். தன் படங்களைத் தானே கையில் வைத்திருந்ததால்தான், 1925ல் வந்த 'கோல்ட் ரஷ்' படத்தைச் சொந்தக் குரலில் விவரணை சேர்த்து 1942ல் மறுபடி வெளியிட முடிந்தது.

இனி பயணத்துக்கு வருகிறேன். இவன் ஊர் ஊராகப் போகிறேன் என்கிறானே, அது பயணமா? சனிக்கிழமை பெங்களூர், ஞாயிறு கோயம்புத்தூர், நடுவில் பஸ்ஸில் தூக்கம். அதற்கு எங்கள் பாஷையில் கேம்ப் டியூட்டி என்று பெயர். படி கூட உண்டு. ஷார்லோவும் இளம் வயதில் ஃப்ரெட் கார்னோ என்பவரின் நாடகக் குழுவில் அப்படித்தான் பாரிஸுக்கும் அமெரிக்காவுக்கும் போனார். 1931ல் போனது வேறு விதம். 'சிட்டி லைட்ஸ்' லண்டன் திறப்பு விழாவில் பெர்னார்ட் ஷா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது வரைக்கும் தொழில். அதற்குப் பிறகு அவருக்கு எங்கும் மேடை கிடையாது, நேரம் மட்டும்தான்.

அந்த நேரம் முழுக்க சுகமாகப் போகவும் இல்லை. சின்ன வயதில் வறுமையால் தான் சேர்க்கப்பட்ட ஹான்வெல் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக் கலங்கினார். மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, படம் காட்டும் கருவியை ஆள் மூலம் அனுப்பினாரே தவிர, தான் போகவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். பெரிய மனிதர்களோடு விருந்து முக்கியமாகிவிட்டது. இந்தக் குறையை நான் மறைக்க மாட்டேன். பிரான்சின் தென்கரையில் தங்கியிருந்தபோது தேசபக்தி வெறியைப் பற்றித் தன்னோடு டென்னிஸ் ஆடிய ஒரு வாலிபனிடம் மனம் விட்டுப் பேசினார். அவன் பத்திரிகைக்காரன் என்பது பேச்சு அச்சில் வந்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை மாலை போட்ட பத்திரிகைகள் காய்ச்சி எடுத்தன. கொட்டகையும் ஸ்டூடியோவும் சொந்தமாக வைத்திருந்தவருக்குத் தன்னைப் பற்றி ஊர் என்ன படிக்க வேண்டும் என்பது மட்டும் சொந்தமாக இல்லை.

1931 செப்டம்பரில், வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் வந்திருந்த காந்தியைக் கிழக்கு லண்டனில் ஒரு சிறிய வீட்டில் சந்தித்தார். காந்திக்கு இவர் யார் என்றே தெரியாது. பக்கத்தில் இருந்தவர்கள் விளக்க வேண்டியிருந்தது. உலகத்திலேயே அதிகம் அறியப்பட்ட முகத்துக்கு அது எப்படி இருந்திருக்கும்! இயந்திரங்கள் மேல் உங்களுக்கு ஏன் இத்தனை வெறுப்பு என்று ஷார்லோ கேட்க, இயந்திரத்தால்தான் இந்தியா இங்கிலாந்தை அண்டிப் பிழைக்க வேண்டியதாயிற்று என்று காந்தி விளக்கினார். தேவையில்லாதவற்றைக் கழற்றிப் போடுவதே மேலான விடுதலை என்றும் அன்று காந்தி சொன்னதாக ஷார்லோ தன் சுயசரிதையில் எழுதுகிறார். கேட்டவர் கோடீஸ்வரர். அதன்படி அவர் ஒன்றையும் கழற்றிப் போட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை விட்டுவிடவும் இல்லை.

பிறகு அண்ணன் சிட்னியோடு நேப்பிள்ஸில் கப்பல் ஏறினார். 1932ல் இலங்கை, கண்டி, சிங்கப்பூர், ஜாவா, பாலி. எனக்கு மிகவும் பிடித்த இடம் பாலிதான். அந்தத் தீவில் ஷார்லோவை யாருக்கும் தெரியாது. அப்போது அங்கே தங்கியிருந்த ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் சொல்லியிருக்கிறார்: ஷார்லோ தலையிலிருந்த வெயில் தொப்பியைத் துள்ளித் துள்ளி எழும்ப வைத்து வித்தை காட்ட, அந்த ஊர்க்காரர்கள் சிரித்தார்களாம்.

பேரனிடம் இதைச் சொன்னபோது என்னை அறியாமலே குரலை உயர்த்திவிட்டேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். யோசித்துப் பாருங்கள். நாற்பத்து மூன்று வயது. ஊரெல்லாம் பேசும் படத்துக்கு மாறிவிட்டது. தன் வித்தை இன்னும் செல்லுபடியாகுமா என்ற பயம் அவருக்கு நிச்சயம் இருந்திருக்கும். ஹாலிவுட்டில் சிரித்தால் அது புகழுக்காகச் சிரித்த சிரிப்பா என்று தெரியாது. பெயரும் தெரியாத, படமும் பார்க்காத மனிதர்கள் ஒரு தொப்பிக்குச் சிரித்தால் அது கலப்படமில்லாத சிரிப்பு. பயணம் என்றால் எனக்கு அதுதான் பயணம். தன்னைத் தெரியாத இடத்துக்குப் போய்த் தன் சரக்கை எடை போட்டுப் பார்ப்பது. ஏற்கெனவே பின்தொடர்கிறவர்கள் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிற அரங்குக்குப் போவதில் அந்த லாபம் கிடைக்காது.

ஜப்பானில் அவர் இருந்தபோதுதான், 1932 மே 15ல், பிரதமர் இனுகாய் சுட்டுக் கொல்லப்பட்டார். சதிகாரர்கள் ஷார்லோவையும் கொல்ல யோசித்தார்களாம். அவர் அன்று பிரதமரின் மகனோடு மல்யுத்தம் பார்க்கப் போயிருந்தார். ஊருக்குத் திரும்பியதும் படம் எடுத்துவிடவில்லை. அடுத்த படமான 'மாடர்ன் டைம்ஸ்' 1936ல்தான் வந்தது. தொழிலாளிக்குச் சோறு ஊட்டும் இயந்திரம் வருமே, அந்தப் படம். காந்தியின் பேச்சு மட்டுமே அதற்குக் காரணம் என்றால் மிகை. டெட்ராய்ட் தொழிற்சாலைகளில் இளைஞர்கள் நரம்பு தளர்ந்து போவதாக ஒரு நிருபர் சொன்னதையும் அவரே குறிப்பிடுகிறார். எப்படியோ, அந்தப் பதினாறு மாதம் சும்மா இருந்திராவிட்டால் அந்தப் படம் வந்திருக்காது என்பது என் துணிபு.

அந்தப் படத்தில்தான் திரையில் முதல்முறையாக அவர் குரல் கேட்கிறது. 'தித்தீன்' என்ற பிரெஞ்சுப் பாட்டின் மெட்டில் பாடுகிறார். பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. பிரெஞ்சு மாதிரி இருக்கிறது, ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. நம் பிரெஞ்சு அத்தனை மோசமா என்று மறுநாள் வகுப்பில் கேட்கவும் பயம். அத்தனையும் அர்த்தமில்லாத உளறல் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பேசு பேசு என்று உலகமே நெருக்கியபோது, பேசினார். ஒரு மொழியிலும் இல்லாமல் பேசினார்!

1952ஐயும் பேரனிடம் மறைக்கவில்லை. 'லைம்லைட்' படத்துக்காக லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, அமெரிக்க அரசு அவர் திரும்பி வரும் அனுமதியை ரத்து செய்தது. பல வருடப் பத்திரிகை வசைக்குப் பிறகு நடந்தது அது. மனைவி ஊனா போய் அங்கிருந்த பணத்தை எல்லாம் எடுத்து வர வேண்டியதாயிற்று. ஸ்டூடியோவை விற்றார். மீதி வாழ்க்கை ஸ்விட்சர்லாந்தில். 1972ல்தான், ஆஸ்கர் வாங்க, மறுபடி அங்கே கால் வைத்தார்.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க தாத்தா?" என்றான்.

என் கதையை அப்போதுதான் சொன்னேன். முப்பது வயதில் ஒரு வானொலி நிலையத்துக்கு நாடகம் எழுதி அனுப்பினேன். ஓர் ஆபீஸ், ஒரு காணாமல் போன கோப்பு, சிரிப்புக் கதை. சிரிப்பு வருகிற மூன்று இடங்களையும் வெட்டிவிட்டு ஒலிபரப்பினார்கள். அரசு ஊழியன், முணுமுணுக்கவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை ஒரு வரி எழுதவில்லை. வெட்டியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அதன்பின் நான் எழுதாமல் இருந்ததற்கு அவர்கள் பொறுப்பில்லையே.

ஒரு வருடம் என்று கணக்கு வைத்துக்கொள், வேலையை விட்டுவிடு, ஆனால் முதல் மூன்று மாதம் ஒரு நிகழ்ச்சிக்கும் ஒத்துக்கொள்ளாதே, உன்னைத் தெரியாத ஊர்களுக்குப் போ, போனில் ஒன்றும் போடாதே என்றேன். அந்த மூன்று மாதத்துக்கு ரயில் கட்டணமும் சாப்பாடும் என் பென்ஷனிலிருந்து. முதலில் எங்கே போவாய் என்றதற்கு, "யாருக்கும் தமிழ் தெரியாத ஊரா பாக்குறேன் தாத்தா, தொப்பி ஒண்ணு எடுத்துட்டுப் போறேன்" என்றான்.

என் மகனிடம் இன்னும் சொல்லவில்லை. அவன் இந்தப் பக்கத்தைப் புதன்கிழமைதோறும் படிப்பான்.