பலகையிலா, நாவிலா?



விழிதியூரிலிருந்து சென்னைக்கு முதன்முறை செல்லும் நம் இளைஞன் ஒருவன் 'அண்ணா மேம்பாலம் எங்கே?' என்று கேட்கட்டும். 'செமினிக்குத்தானே?' என்றே மறுமொழி வரும். சிறு செய்திதான், ஆயினும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

சென்னைக் கோட்டையையும் பரங்கிமலைப் படைவீட்டையும் இணைக்கத் தென்மேற்காக ஓடிய வழியை வெள்ளையன் 'மவுண்ட்டு ரோடு' என்றான். 1969-இல் அறிஞர் அண்ணா மறைந்தபின் அஃது அண்ணா சாலையாயிற்று. அதன்மேல் நுங்கம்பாக்கத்துச் சாலை வடக்கிலிருந்தும், பெருங்கோயிலை ஒட்டிய கதீட்ரல் சாலை கிழக்கிலிருந்தும், தியாகராய நகர்ச் சாலை மேற்கிலிருந்தும் வந்து கூடுமிடத்தில், 1973-இல் சென்னையின் முதல் மேம்பாலம் எழுந்தது. அண்ணாவின் பெயரே அதற்கும் சூட்டப்பட்டது.

ஆனால், அம்முனையில் 1940 முதல் வாசனின் செமினிப் படப்பிடிப்பகம் இருந்தது. முப்பதாண்டுகளாக மக்கள் நாவில் ஊறிய பெயரை ஓர் அரசாணை அகற்றவில்லை. படப்பிடிப்பகம் மறைந்தது, பெயர் மறையவில்லை. அதே சாலையில், வாலாசா சாலை கூடும் முனையில் 1968-இல் நிறுவப்பட்ட சிலையையோ, எல்லாரும் 'அண்ணா சிலை' என்றே அடையாளஞ் சொல்கின்றனர். நாள்தோறும் கண்டு, நாள்தோறும் சொன்னதால் அப்பெயர் வேரூன்றிற்று.

இன்னொன்றும் நோக்குக. நுங்கம்பாக்கம், இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலேயே இடம்பெற்ற ஊர். அதன் நெடுஞ்சாலைக்கு இன்று 'உத்தமர் காந்தி சாலை' என்று பலகை. மக்களோ பழம்பெயரையே சொல்கின்றனர். இங்கே நாவு காத்தது தமிழை! நாவுக்கு நம்மவன், அயலான் என்னும் வேறுபாடு தெரியாது. பழகியதையே அது காக்கும். பழக்குவது நம் கடமை.

ஆகவே, அயற்பெயரை நீக்கக் கேட்போர் முதலில் அவ்விடத்தின் பழந்தமிழ்ப் பெயரைத் தேடுக. அஃது இருக்கையில், எத்துணைப் பெரிய தலைவர் பெயராலும் அதனை மூடற்க. பிரஞ்சியர் ஆட்சி 1954-இல் நீங்கியும் காரைக்காலில் இலெமேர் தெரு இருக்கிறது. அதற்கு முன் அவ்விடத்தை என்னவென்று அழைத்தனர் என்று நம் முதியோரை நாம் கேட்டதுண்டா?

அரசைக் குறைகூறிவிட்டு, பேருந்தில் ஏறியதும் 'செமினிக்கு ஒன்று' என்று சீட்டுக் கேட்பவரும் நாமே. பலகையை மாற்ற ஆணை வேண்டும். நாவை மாற்ற எவர் ஆணையும் வேண்டா. இன்றே தொடங்குவோம்!