வரிச்சட்டம்

காலையில் காபி குடித்த கையோடு நான் எடுப்பது நாலு கோடு நோட்டு ஒன்றும் எச்.பி. பென்சில் ஒன்றும். நாலு மாதமாக இதுதான் வழக்கம். எழுத்தோவியம் பழகுகிறேன். கேலிகிராஃபி என்று எல்லோரும் சொல்கிற அதே கலைதான். "அதுக்குத் தனிப் பேனா, தனி மை எல்லாம் வாங்கணுமே?" என்று கேட்காத நண்பர் இல்லை. வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இந்த வாரம் வந்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளையின் பையில் கிடக்கிற பென்சில் போதும். தமிழ் எழுத்தைப் பழக வருகிறவருக்கு முதல் கருவியாக அதைவிடப் பொருத்தமானது இல்லை என்றே இப்போது நம்புகிறேன்.

எனக்குச் சொல்லித் தருகிறவர், பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஓர் ஆர்ட்டிஸ்ட். எழுபதைத் தாண்டியவர். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முந்தைய காலத்தில் கடைப் பலகை, சுவர் விளம்பரம், லாரியின் முதுகு என்று தூரிகையால் எழுதிப் பிழைத்தவர். தெரு முழுக்க அவர் 'ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி'.

முதல் நாள் ஒரு பக்கம் முழுக்க 'ட' எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். எழுத்தை அவர் பார்க்கவே இல்லை. தாளைத் திருப்பிப் போட்டு, என் விரலைப் பிடித்துப் பின்பக்கத்தில் வைத்தார். "தடவிப் பாருங்க தம்பி. எழுத்து இந்தப் பக்கம் வந்து நிக்குது. ஏன் இவ்வளவு அழுத்துதிய? பென்சில் தாளைத் தொட்டாப் போதும்."

பால்பாயின்ட் பேனாவில் இது தெரியாது. அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் அதன் மை ஏறக்குறைய ஒரே நிறம்தான். பென்சில் அப்படியல்ல, கை இறுகிய இடத்தில் கோடு கறுக்கும், தளர்ந்த இடத்தில் வெளுக்கும். தயங்கினால் அந்த இடம் திட்டாக நிற்கும். எழுதி முடித்த வரியைப் பார்த்தாலே கை எங்கே நடுங்கியது, எங்கே ஓடியது என்று படித்துவிடலாம். பழகுகிறவனுக்கு வேண்டியது அந்தக் கணக்குதான்.

பென்சிலிலும் தேர்வு இருக்கிறது. கிராஃபைட் தூளோடு களிமண் சேர்த்துச் சுட்டுக் குச்சி செய்யும் முறைக்கு 1795இல் பிரான்ஸின் நிக்கோலா ழாக் கோன்டே காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் குச்சி கடினமாகிக் கோடு வெளுக்கும். அது எச் வரிசை. கிராஃபைட் கூடினால் மிருதுவாகிக் கோடு கறுக்கும். அது பி வரிசை. தொடங்க எச்.பி. போதும். கை லேசான பிறகு 2பி எடுக்கலாம். பிளேடால் கூர் சற்று நீளமாகச் சீவிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பென்சிலை விரலுக்குள் கொஞ்சம் உருட்டினால் முனை ஒரு பக்கம் மழுங்காது. எழுதும் தாளுக்கடியில் நாலைந்து தாள் மெத்தைபோல இருக்கட்டும்.

எழுத்துகளை அகரவரிசையில் பழகக்கூடாது என்பது அண்ணாச்சியின் விதி. குடும்பம் குடும்பமாகப் பழக வேண்டும். நேர்கோட்டுக் குடும்பம் முதலில்: ட, ப, ம. பிறகு சுழி. மூன்று சுழி 'ண'வையும் இரண்டு சுழி 'ன'வையும் மட்டும் நான் மூன்று வாரம் எழுதினேன். சுழி என்றால் சும்மா சுற்றுவதல்ல. கோடு எங்கே திரும்புகிறது, உள்ளே எவ்வளவு வெள்ளை விடுகிறது என்பதில்தான் எழுத்தின் முகமே இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சுழிகளின் வயிறு ஒத்துப்போக வேண்டும். அதற்கப்புறம் துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, மேல்விலங்கு. 'கி'யின் விலங்கு மேலே எவ்வளவு ஏறலாம், 'ழ'வின் வால் கீழே எவ்வளவு இறங்கலாம் என்பதற்குத்தான் நோட்டில் நாலு கோடு. "கறுப்பைப் பாக்காதிய, நடுவுல இருக்கிற வெள்ளையைப் பாருங்க" என்பார். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே விடும் இடம் கண்ணுக்குச் சமமாகப்படும் நாளில்தான் ஒரு வரி வரியாகிறது.

ஆறாவது வாரம் எனக்கு ஆசை வந்தது. அழைப்பிதழ்களில் பார்க்கிறோமே, ஒரே எழுத்தில் தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடு, அதை எழுத வேண்டும் என்று. அண்ணாச்சி இரண்டு பென்சிலைச் சேர்த்து வைத்து, முனைகளைச் சமமாகத் தட்டி, இரண்டு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். சாய்கோணம் மாறாமல் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தால் இரண்டு கோடும் விலகி ஓடுகின்றன. இடப்பக்கக் கீழிலிருந்து வலப்பக்க மேலாக இழுத்தால் இரண்டும் ஒன்றாகி ஒற்றைக் கோடாகிவிடுகிறது. பட்டை நிப்பின் ரகசியம் முழுக்க அந்த இரண்டு கோட்டுக்குள் இருக்கிறது. தடிமனை யாரும் வரைவதில்லை. பிடிக்கும் கோணமும் இழுக்கும் திசையும் அதைத் தருகின்றன. இன்னும் எளிய வழியும் உண்டு. தச்சு ஆசாரி காதில் செருகியிருக்கும் தட்டைப் பென்சிலின் குச்சியே பட்டைதான். அதைச் சீவினால் பட்டை நிப்பு தயார்.

இந்த ரகசியத்தை ஐரோப்பாவுக்கு மறுபடி நினைவூட்டியவர்களில் முதன்மையானவர் எட்வர்ட் ஜான்ஸ்டன். 1872இல் உருகுவேயில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போய், உடல்நிலையால் விட்டவர். பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து பழைய கையெழுத்துச் சுவடிகளை உற்று உற்றுப் பார்த்தார். அந்த எழுத்துகளின் அழகை உண்டாக்கியது பட்டையாக வெட்டிய இறகுப் பேனாவின் முனை என்று கண்டுகொண்டார். 1899இல் லண்டனில் பாடம் நடத்தத் தொடங்கி, 1906இல் எழுதிய பாடநூலின் வழியே ஒரு தலைமுறையின் கையை மாற்றினார். லண்டன் சுரங்க ரயிலுக்காக 1916இல் அவர் அமைத்துக் கொடுத்த எழுத்துரு, சிறு மாற்றங்களோடு இன்றும் அங்கே வழிகாட்டுகிறது. கருவிதான் எழுத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பதே அவரிடம் நாம் படிக்க வேண்டிய பாடம்.

அதைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தபோதுதான் என் பென்சிலின் மதிப்பு எனக்குப் புரிந்தது. நம் எழுத்தை நூற்றாண்டுக் கணக்கில் வளர்த்த கருவி எழுத்தாணி. அது மை தீட்டுவதில்லை, பனையோலையைக் கீறுகிறது. கூர்முனை கீறுகிற கோட்டில் தடிப்பும் மெலிவும் கிடையாது. ஓலையின் நரம்போடு போகும் நீண்ட நேர்கோடு ஓலையைக் கிழித்துவிடும். ஆகவே வளைவுகள் செழித்தன என்பார்கள். குத்தினால் பொத்துப்போகும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காமல் எழுதினார்கள். கீறி முடித்தபின் கரியும் இலைச்சாறும் சேர்த்துத் தடவித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். அதுவரை கையின் பழக்கமே துணை. ஆக, நம் எழுத்தின் அழகு தடிமனில் பிறந்ததல்ல, வளைவில் பிறந்தது. ஒரே தடிமனில் ஓடும் பென்சில் கோடு எழுத்தாணிக் கோட்டின் நேர் வாரிசு. பட்டை நிப்பால் தமிழ் எழுதுவது அழகுதான், நானும் பழகத்தான் போகிறேன். ஆனால் வளைவு கைக்கு வராமல் தடிமன் மட்டும் வந்தால், அது எலும்பில்லாத உடம்புக்குப் பட்டுச் சட்டை.

அப்பா எழுதிய பழைய இன்லண்டு கடிதம் ஒன்று வைத்திருக்கிறேன். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் எழுதியது. அதில் 'லை' வருகிற இடத்திலெல்லாம் யானை தும்பிக்கை தூக்கியதுபோல அந்தப் பழைய ஐகாரம். போன மாதம் அதன்மேல் ட்ரேசிங் பேப்பரை வைத்துப் பென்சிலால் கோட்டைத் தொடர்ந்து போனேன். தும்பிக்கை மேலே வளைந்து, இறங்கி, கை தூக்காமலே 'ல'வுக்குள் நுழைகிறது. எத்தனையோ முறை வாசித்த கடிதம்தான். அப்பாவின் கை எந்த வேகத்தில் திரும்பும் என்பது அன்றுதான் என் விரலுக்குத் தெரிந்தது. வாசிப்பதைவிட நெருக்கமாக ஒருவரை அறிய இப்படி ஒரு வழி உண்டு என்று நான் நினைத்ததே இல்லை.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் ஓலையில் மாதிரி எழுத்து எழுதித் தருவார். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிப் பழகுவார்கள். அதற்கு வரிச்சட்டம் என்று பெயர். எனக்கு அண்ணாச்சி ஒவ்வொரு பக்கத்திலும் மேலே எழுதித் தருகிற ஒரு வரி அதேதான்.

இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் அடுத்த வீட்டுச் சிறுமி நோட்டுகளோடு வந்தாள். மூன்றாம் வகுப்பு. "மாமா, லேபிள்ல பேர் அழகா எழுதித் தாங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். போகாமல் நின்றாள். தனக்கும் அப்படி எழுத வேண்டுமாம். நாலு கோடு நோட்டில் மேல் வரியாக 'தமிழ்' என்று மெல்ல எழுதி வைத்தேன். என் பென்சிலைக் கேட்டு வாங்கிக் கீழே எழுதினாள். முதல் வரியில் 'ழ'வின் வால் அடுத்த வரிக்குள் போய் விழுந்தது. அழித்து எழுதினாள். இரண்டாவது வரியில் கூர் முறிந்தது. சீவிக் கொடுத்தேன். மூன்றாவதற்கு முன் தாளைத் திருப்பி, அவள் விரலைப் பிடித்துப் பின்பக்கத்தில் வைத்தேன். தடவிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாலாவது வரியில் அவள் பென்சில் தாளைத் தொட்டது.