பின்னால் நிற்பவனுக்கும் பந்து கொடுங்கள்!



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா" என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, "எனக்கெதுக்குடா இந்த வேலை?" என்றுதான் முதலில் சொன்னேன். சொன்ன பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த வார்த்தையை எனக்குக் கற்றுக் கொடுத்தது யார்? எங்கே கற்றுக்கொண்டேன்? யோசித்துப் பார்த்தால், நம் கல்லூரி மைதானம்தான் கண் முன்னால் வந்தது. அதையே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் நடந்த துறைகளுக்கிடையேயான கால்பந்துப் போட்டியின் அரையிறுதி பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் எங்கள் மெக்கானிக்கல் டீமின் ஸ்டாப்பர் பேக். கடைசி ஐந்து நிமிஷம். பந்து என் காலுக்கு வந்தது. வழக்கம்போல் தூக்கி வெளியே அடித்திருக்கலாம். ஆனால் நடுவில் நம் பையன் ஒருவன் தனியாக நிற்பதைப் பார்த்தேன். பாஸ் கொடுத்தேன். கால் சரியாகப் படவில்லை; எதிரணிக்காரன் பாய்ந்து பிடித்தான். கோல்! தோற்றோம். "பேக்குக்கு எதுக்குடா பாஸ்? உனக்கெதுக்கு இந்த வேலை?" என்று கேட்காத ஆள் இல்லை. அன்று 1-ம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போகும்வரை நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நான் விளையாடக் கற்றது கொள்ளிடம் ஆற்று மணலில். அங்கே தண்ணீர் இல்லாத மாதங்களில் சாயங்காலம் ஆனால் பையன்கள் கூட்டம்தான். மணலில் பந்து உருளாது. நாலு அடி போய் நின்றுவிடும். ஆகவே தூக்கி அடிப்பவன்தான் அங்கே ஹீரோ. உயரமாக இருக்கிறவனைப் பின்னால் நிறுத்துவார்கள், சாமர்த்தியசாலி முன்னால் போவான். அந்த மணல் சட்டத்தைத்தான் புல் தரைக்கு வந்த பிறகும் நாம் மாற்றவில்லை. முன்னால் இரண்டு பேர் ஆடுவார்கள், மீதி எட்டு பேர் பந்தை விரட்டி விடுவார்கள். இதுதான் இன்றைக்கும் நம் ஆட்டம்.

வேறு மாதிரி ஆட முடியுமா? ஆடிக் காட்டியிருக்கிறார்கள். அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே.

2018-19 ஐ-லீக் போட்டியில் சென்னை சிட்டி அணி கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடியது. பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். பெரிய பணக்கார அணி இல்லை. ஸ்பெயினிலிருந்து வந்த சிலர், கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம்ம ஊர்ப் பையன்கள். அக்பரின் கொள்கை எளிமையானது. பந்தைப் பின்னாலிருந்தே சின்னச் சின்ன பாஸ்களாகக் கட்டி எடுத்து வர வேண்டும். பந்து நம்மிடம் இருந்தால் எதிராளி கோல் போட முடியாது. தாக்குதல் ஃபார்வர்டு காலில் தொடங்குவதில்லை, கீப்பர் கையிலும் பேக் காலிலும் தொடங்குகிறது.

பலன்? 20 ஆட்டத்தில் 48 கோல். பெட்ரோ மான்ஸி மட்டும் 21 கோல். ஆனால் இன்னொரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். அந்த அணி 28 கோல் வாங்கவும் செய்தது. ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல்! பின்னாலிருந்து பாஸ் ஆடினால் சில நேரம் என்னைப் போல் மாட்டிக்கொள்ளத்தான் வேண்டும். அதற்காக அவர்கள் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

கடைசி நாள், 2019 மார்ச் 9. ஜெயித்தால் சாம்பியன். மினர்வா பஞ்சாப் அணி மூன்றாவது நிமிஷத்திலேயே கோல் போட்டுவிட்டது. நம் கல்லூரியாக இருந்தால் அப்போதே ஒருத்தரை ஒருத்தர் திட்ட ஆரம்பித்திருப்போம். அவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் பாதியில் மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். அடுத்த இரண்டு கோலையும் அடித்தது யார் தெரியுமா? கௌரவ் போரா. அவர் ஃபார்வர்டு இல்லை நண்பர்களே, டிஃபண்டர்! 3-1. மொத்தம் 43 புள்ளி. இரண்டாவது வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தமிழ்நாட்டுக்குக் கோப்பை வந்தது. 2020-21க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் இல்லை என்பது வருத்தமான விஷயம். ஆனால் ஆடிக் காட்டிய ஆட்டம் பொய்யாகிவிடாது.

இதற்கு ஐம்பது அறுபது வருஷம் முன்பே இதைச் செய்த ஒரு மனிதர் உண்டு. ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். 2024-ல் வந்த 'மைதான்' இந்திப் படம் இவரைப் பற்றியதுதான். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1950 முதல் இந்திய அணியின் பயிற்சியாளர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். வேறொருவராக இருந்தால் 'இனிமேல் பத்து பேரும் பின்னால் நில்லுங்கள்' என்றிருப்பார். ரஹீம் அதற்குப் பிறகு இன்னும் அதிகமாகத் தாக்குதலைத்தான் யோசித்தார். ஹங்கேரி அணி உலகத்துக்குக் காட்டிய முறையில் நடு ஃபார்வர்டைக் கொஞ்சம் பின்னால் இறக்கி, பந்தை அவர் வழியாக ஓட விட்டார். நாலே வருஷம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்து, கடைசியில் நாலாவது இடம்!

அவர் ஹைதராபாத்தில் சின்னப் பையன்களுக்கு வைத்த போட்டிகள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. ஒன்றில் டிரிப்ளிங்கே கூடாது, பாஸ் மட்டும்தான். இன்னொன்றில் பலவீனமான காலால்தான் ஆட வேண்டும். யோசித்துப் பாருங்கள், பலவீனமான காலுக்கு ஒரு போட்டி! அங்கே எல்லோரும் தப்பு செய்வார்கள், ஆகவே யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டமே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில் ஸ்டாப்பர் பேக் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். ரஹீம் என்ன செய்தார்? அரையிறுதியில் அவரை ஃபார்வர்டாக இறக்கினார். கோல் அடித்தார். இறுதிப் போட்டியில் அதே தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. 2-1. தங்கம்! அன்று நம் கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். அடுத்த வருடம் ஜூன் மாதம் ரஹீம் புற்றுநோயில் காலமானார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவே இல்லை.

'இவர்களெல்லாம் பெரிய ஆட்டக்காரர்கள், நமக்கு ஒத்து வருமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம்மிடம் மான்ஸியும் இல்லை, பானர்ஜியும் இல்லை. ஆனால் நம் போட்டியில் தோற்றால் என்ன போய்விடும்? ஒரு கேடயம். ஜெயித்தே ஆக வேண்டிய இடத்தில் நின்றவர்களே பேக்கை நம்பிப் பந்து கொடுத்தார்கள். தோற்றால் ஒன்றும் போகாத நாம் எதற்குப் பயப்படுகிறோம்?

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. என் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான்தான் முதல். டிப்ளமோ சேர்ந்தபோது சொந்தக்காரர் ஒருவர் கேட்டது இதே கேள்விதான்: "உங்களுக்கெதுக்குப்பா இந்த வேலை?" வகுப்பில் சந்தேகம் வந்தாலும் நான் எழுந்து கேட்டதில்லை. வைவாவில் பாதி தெரிந்த கேள்விக்கும் "தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவேன். அதுவும் பந்தைத் தூக்கி வெளியே அடிப்பதுதானே? மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கலாம். ஆனால் கோல் விழாது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "தெரியலன்னா கேளேன்டா, கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?" என்றது. அம்மாவுக்குக் கால்பந்து தெரியாது. ஆனால் ரஹீம் சொன்னதும் அதுவும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

நம்மில் பாதிப்பேர் இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர்கள்தான். நாம் எல்லோரும் பேக்தான். நம்மிடம் பந்து வந்தால் யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறோம்.

ஆகவே யூனியனுக்கு என் கோரிக்கை இது. வருகிற ஆண்டு முதல், பெரிய போட்டிக்கு முன்னால், முதலாம் ஆண்டு மாணவர்களுக்கென்று ரஹீம் வைத்த மாதிரி ஒரு நாள் போட்டி வையுங்கள். இரண்டு தொடுதலுக்குள் பாஸ் கொடுக்க வேண்டும். பாதி நேரம் பலவீனமான காலால் ஆட வேண்டும். கோல் கணக்கில் வர வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு பேக்காவது பந்தைத் தொட்டிருக்க வேண்டும். தப்பு செய்தவனைத் திட்டுகிற டீமுக்கு எதிராக ஒரு ஃப்ரீ கிக்! செலவு ஒன்றும் இல்லை. ஒரு பந்தும் ஒரு விசிலும் போதும்.

எனக்கு இது கடைசி வருடம். இன்னும் ஒரே ஒரு போட்டிதான் பாக்கி. டீமில் எடுத்தால் அதே ஸ்டாப்பர் பேக்தான். பந்து காலுக்கு வந்தால் நான் தூக்கி அடிக்கப் போவதில்லை. நடுவில் நிற்கிற நண்பனே, தயாராக இரு!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை