வந்தவனுக்கு வேட்டை! வாழ்ந்தவனுக்கு விலங்கு!

காட்டின் ஓரத்திலே குடியிருந்து, காட்டு விலங்கின் காலடியிலே தன் பயிரைப் பறிகொடுப்பவன் எவனோ, அவனுக்கே அக்காட்டைப் பற்றிய பேச்சில் முதலிடம் உரியது. வெளியிலிருந்து வருபவன் வரிசையில் நிற்கட்டும், விண்ணப்பம் எழுதட்டும், கூடுதற் கட்டணம் கட்டட்டும், கிடைத்தால் மகிழட்டும், கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு வரட்டும். இதுவே நீதி. பணமே பெரிதென்று பேசும் அமெரிக்காவே ஒப்புக்கொண்டு சட்டமாக்கிய நீதி. ஆனால் முல்லைத்தீவு மாவட்டத்து உடையார்கட்டிலே இந்த நீதி தலைகீழாக நிற்கிறது. இங்கே வரிசையில் நிற்பவன் வாழ்ந்தவன்; விண்ணப்பம் எழுதிக் கைசலிப்பவனும் வாழ்ந்தவன். காட்டுக்கு எல்லை வரைபவனோ, அந்த ஊர்க் குளத்துத் தண்ணீரை ஒருநாளும் குடித்தறியாதவன்!

அமெரிக்க மலையில் ஒரு வரிசை

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலே ‘எல்க்’ என்னும் பெருமான் வாழ்கிறது. அதை வேட்டையாட அங்கே சட்டம் இடங்கொடுக்கிறது. ஆயினும், எண்ணமெடுத்தவனெல்லாம் துவக்கைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட முடியாது. இந்த மலைப்பகுதியில் இந்த ஆண்டு இத்தனை விலங்குக்கு மேல் வீழ்த்தலாகாது என்று மாநில அரசு கணக்கிடுகிறது. அந்தக் கணக்கின்படியே சீட்டுகள் வழங்குகிறது. பல மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். குலுக்கலிலே பெயர் விழாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பலர்.

அந்தச் சீட்டிலும் உள்ளூரானுக்கு ஒரு கணக்கு, வெளியூரானுக்கு வேறொரு கணக்கு. நியூ மெக்சிகோ மாநிலத்திலே குலுக்கற் சீட்டுகளில் நூற்றுக்கு 84 அம்மாநில வாசிகளுக்கு. வேட்டை வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு வருவோருக்கு 10. வழிகாட்டியின்றி வரும் வெளி மாநிலத்தாருக்கு மிஞ்சுவது 6! மொன்டானா மாநிலத்தில் 1976 ஆம் ஆண்டு, ‘எல்க்’ வேட்டைக்கு உள்ளூரான் கட்டிய கட்டணம் 9 டொலர். வெளி மாநிலத்தானோ வேறு விலங்குகளுக்கும் சேர்த்து 225 டொலர் கட்டி, ஒரே பத்திரமாக வாங்கினாலன்றி அவ்வேட்டைக்குப் போக இயலாது. அவர்களுக்கென ஒதுக்கிய பத்திரங்களும் 17,000 என்ற வரம்புக்கு உட்பட்டவை.

இது பாகுபாடு என்று வெளி மாநிலத்தார் வழக்குத் தொடுத்தனர். வழக்கு அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 1978 ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. நீதியரசர் அறுவர் ஒருபுறம், மூவர் மறுபுறம். பெரும்பான்மையோர் சொன்னதன் சாரம் இதுதான்: வெளியிலிருந்து வருபவனுக்கு இவ்வேட்டை பொழுதுபோக்கேயன்றிப் பிழைப்பன்று, ஆகவே அவனை வேறாக நடத்துவது அரசியலமைப்புக்கு மாறானதன்று.

பொழுதுபோக்கு வேறு, பிழைப்பு வேறு! இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அமெரிக்காவைப் போற்றிப் பாட நாம் வரவில்லை. அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு அந்நாடு இழைத்த கொடுமைகளை உலகம் அறியும். 1868 ஆம் ஆண்டு ‘குரோ’ இனத்தவரின் நிலத்தின் பெரும்பகுதியைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக வேட்டையுரிமையை உடன்படிக்கையில் எழுதிக் கொடுத்தார்கள். பின்னர் வயோமிங் மாநிலம் பிறந்ததும் அவ்வுரிமை இறந்துவிட்டது என்று வாதாடினார்கள். ‘எல்க்’ வேட்டையாடியதற்காகக் குற்றவாளியாக்கப்பட்ட ஒரு குரோ இனத்தவரின் வழக்கிலே, மாநிலம் பிறந்ததனால் உரிமை இறக்கவில்லை என்று 2019 இல் அதே உயர் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. நூற்றைம்பது ஆண்டு கழித்தேனும் அங்கே ஒரு நீதிமன்றம் மண்ணின் மைந்தனுக்குச் செவிசாய்த்தது. இங்கே?

வெள்ளையன் எழுதிய ‘வாசி’

இலங்கையில் தன் வேட்டைகளைப் பற்றி 1854 இல் நூல் வெளியிட்ட சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், நம் நாட்டு மரையை ‘எல்க்’ என்றே எழுதினார். வந்தவன் வைத்த பெயர் அது. பெயரை மட்டுமா வைத்தான்? சட்டத்தையும் அவனே வைத்தான்.

முதலில் அழிக்கச் சொன்னவர்கள் யார் என்று பாருங்கள். குடியேற்ற அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற், 1859 இல் வெளியிட்ட தம் நூலிலே ஒரு கணக்குத் தருகிறார். 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. கொன்றவனுக்கு அரசாங்கமே பரிசுப்பணம் கொடுத்தது! காசு கொடுத்துக் காட்டை வெறுமையாக்கிய அதே ஆட்சி, பிற்காலத்தில் காட்டின் காவலன் வேடம் புனைந்தது. கிராமத்தான் திருட்டு வேட்டைக்காரன் ஆனான்; துரை ‘விளையாட்டு வீரன்’ ஆனான்.

1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அதன்பின் யாலையிலே ‘வதியும் வேட்டை வீரர் ஒதுக்கிடம்’ என்று ஒரு பெருங்காடு பிரிக்கப்பட்டது. ‘வதியும்’ என்ற அச்சொல்லைக் கவனியுங்கள்! அந்த வாசி, காட்டருகே குடிசை போட்டுச் சேனை வெட்டிய கிராமத்தானா? அல்லன். இலங்கையில் உத்தியோகமும் தோட்டமும் வைத்திருந்த துரைமாரே அந்த வாசிகள். மண்ணில் பிறந்தவன் அயலானாகவும், கப்பலில் வந்தவன் வாசியாகவும் மாறிய விந்தையை என்னென்பது!

அதன் தொடர்ச்சியாக 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. பலமுறை திருத்தப்பட்ட பின்னரும் இன்றுவரை ஆள்வது அச்சட்டமே. பொழுதுபோக்கு வேட்டை ஒழிந்தது, நல்லதே. மரையும் மானும் பாதுகாக்கப்பட்ட விலங்குகளாயின, அதுவும் நல்லதே. ஆனால், காட்டோரத்துக் குடியானவனைக் கேட்காமலே அவன் காட்டைப் பற்றி முடிவெடுக்கும் பழைய வழக்கம் மட்டும் ஒழியவில்லை. வெள்ளைத்துரை போனான், கொழும்புத்துரை வந்தான். நாற்காலி அதேதான்!

வரைபடத்தில் ஒரு கோடு

உடையார்கட்டு பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் உள்ள ஊர். குளத்தை நம்பிய வயலும், மழையை நம்பிய மேட்டு நிலமும் அதன் உயிர். பிறர் போட்ட கோடுகளால் துன்புற்றதில் அவ்வூருக்கு நிகரான ஊர்கள் சிலவே. 2009 சனவரியில் அரசு ‘பாதுகாப்பு வலயம்’ என்று வரைந்த கோட்டுக்குள்தான் உடையார்கட்டு இருந்தது. அந்தக் கோட்டுக்குள்ளேதான் எறிகணைகள் விழுந்தன. மக்கள் எல்லாவற்றையும் விட்டு ஓடினர். பின்னர் முள்வேலி முகாம்களில் அடைபட்டனர்.

ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது வயலில் பற்றை வளர்ந்திருந்தது. கமக்காரன் அதைத் தன் வயல் என்றான். திணைக்களங்களின் வரைபடமோ வன்னியெங்கும் இத்தகைய நிலங்களைக் காடு என்றது! உழைத்தவனைத் துரத்திவிட்டு, அவன் இல்லாத காலத்தில் முளைத்த மரத்தைச் சாட்சிக்கு அழைக்கும் வழக்கை வேறெந்த நாட்டில் கேட்டிருக்கிறீர்கள்? வடக்கே 1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம், 2015 இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பறவைக்கு இடம் வேண்டும்; மறுப்பாரில்லை. மனிதனுக்கும் வேண்டாமா?

இரவானால் யானை தென்னையைச் சாய்க்கிறது. பன்றி மரவள்ளியையும் கச்சானையும் கிண்டுகிறது. பகலிலே குரங்கு. பரணில் விழித்திருந்து வெடி கொளுத்தி எத்தனை இரவைக் கழிப்பது? 2023 இல் குரங்கு, மயில், பன்றி முதலியவற்றைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம் என்று கொழும்பிலிருந்து அறிவித்தார்கள். எதைக்கொண்டு விரட்டுவது? துவக்குக்கு 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டப்படி அனுமதி வேண்டும். போர் நடந்த மண்ணிலே தமிழ்க் கமக்காரன் ஒருவன் துவக்குக் கேட்டு விண்ணப்பித்தால், அவன் பயிரைப் பார்ப்பார்களா, அவன் பெயரைப் பார்ப்பார்களா? 2025 மார்ச் 15 அன்று காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி நாடெங்கும் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னார்கள். குரங்கை எண்ணினீர்கள், குடியானவன் இழந்த மூட்டைகளை எண்ணினீர்களா?

நேரான கதவு அடைபட்டால் கள்ளக் கதவு திறக்கும். கட்டுத்துவக்கும் பன்றி வெடியும் அப்படித்தான் பிறக்கின்றன. வாய் சிதறிய யானைக்கன்று பட்டினியால் துடித்துச் சாகிறது. கட்டுத்துவக்கில் அகப்பட்டு, விறகுக்குப் போனவன் காலை இழக்கிறான். 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 450 க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. 150 க்கு மேற்பட்ட மனிதர் யானையால் மாண்டனர். இதுவா பாதுகாப்பு?

மறுப்போர்க்கு விடை

“கிராமத்தான் கையில் அதிகாரம் கொடுத்தால் மானும் மரையும் மிஞ்சுமா?” என்று கேட்கும் கனவான்கள் உண்டு. நாம் கேட்பது வேட்டையாடும் உரிமையையன்று. காவல் காக்கும் உரிமையை. வற்றல் இறைச்சிக்கு விலை பேசுபவன் பெரும்பாலும் ஊரான் அல்லன். வாகனத்தில் வந்து வாகனத்தில் போகிறவன். அவனைப் பிடிக்க வேண்டுமாயின் ஊரானின் கண்தான் வேண்டும். ஊரானைக் குற்றவாளியாக்கி வைத்துக்கொண்டு அவன் கண்ணை எப்படிக் கடன் கேட்பீர்கள்?

எமது கோரிக்கைகள் நான்கு. ஒன்று: உடையார்கட்டானாலும் வேறெந்த வன்னிக் கிராமமானாலும், கமக்காரர் அமைப்பையும் ஊராரையும் கூட்டிக் கேட்டபின்னரே எல்லைக்கல் நடப்பட வேண்டும், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டப்படி வழங்கிய உத்தரவுப் பத்திரம், பற்றை வளர்ந்த காரணத்தால் செல்லாக் காகிதம் ஆகக்கூடாது. இரண்டு: குளத்துக்கு இத்தனை என்று எண்ணி வரையறுத்த பயிர்க்காவல் அனுமதிகள் உள்ளூராருக்கே வழங்கப்பட வேண்டும், தமிழில் விண்ணப்பம், குறித்த நாளுக்குள் தமிழில் பதில், மறுத்தால் காரணம். மூன்று: யானைவேலி ஊரையும் வயலையும் சுற்றி நிற்க வேண்டும், அதைப் பராமரிக்கும் வேலையும் ஊதியமும் ஊர் இளைஞருக்கே உரியவை. நான்கு: இறைச்சிக்காகவும் இலாபத்துக்காகவும் கொல்பவனோடு, அதை வாங்குபவனும் தண்டிக்கப்பட வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய சித்தாந்தம் தேவையில்லை. மொன்டானா மலையிலே பொழுதுபோக்குக்காக வருபவனையே ‘நீ பின்னால் நில்’ என்று நிறுத்த ஒரு சட்டமும் ஒரு தீர்ப்பும் இருக்கின்றன. இங்கோ பிழைப்புக்காகப் போராடுபவனைப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள். வட மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்த பின்னர், எங்கள் குரலைக் கேட்கவேண்டிய மன்றமும் பூட்டிக் கிடந்தது.

வன்னிப் பெருமக்களே! ஊரின் பெயரிலே ‘உடையார்’ இருக்கிறார். ஊரிலே வாழ்பவர் உடைமையற்றவராய் நிற்கிறார். காட்டை அழித்துக் கழனியாக்கிய பாட்டன் அந்தக் காட்டின் மிச்சத்தைக் காத்தும் வைத்தான். அவன் பேரனைக் கேளாமல் அக்காட்டைக் காப்போம் என்பவர்களால் காட்டையும் காக்க முடியாது, நாட்டையும் காக்க முடியாது. எல்லைக்கல்லோடு அதிகாரி வரும் நாளிலே, உத்தரவுப் பத்திரத்தோடு ஊர் முழுவதும் திரண்டு நில்லுங்கள். வரிசையின் முதலிடம் உங்களுடையது!