பழைய வரைபடத்தைத் தூக்கிப் போடலாமா?

பழைய வரைபடம் என்றாலே பரண் மேல் போடவேண்டிய காகிதம் என்றுதான் பலருக்கும் தோன்றும். கைபேசியிலேயே உலகம் முழுக்கத் தெரியும்போது அது எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை 1950, 60களில் வெளியிட்ட நில அமைப்பு வரைபடங்களை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றில் ஓர் அங்குலம் என்பது தரையில் 2000 அடி. மேடு பள்ளத்துக்குப் பழுப்பு, தண்ணீருக்கு நீலம், மரங்களுக்குப் பச்சை, மனிதர் கட்டியதற்குக் கறுப்பு. டெக்சாஸ், நியூ மெக்சிகோ பக்கம் பல தாள்களில் பழுப்புக் கோடுகள்தான் அதிகம். நடுவே ஒரு குட்டிக் கறுப்புச் சதுரம், பக்கத்தில் பண்ணையின் பெயர். கொஞ்சம் தள்ளி ஒரு காற்றாடி. அவ்வளவுதான்.

அந்தக் காற்றாடி சும்மா இல்லை. மழை குறைந்த அந்த மண்ணில் மாடுகளுக்கு நிலத்தடி நீரை இறைத்துத் தந்தது அதுதான். தண்ணீரை விட்டு மாடு வெகுதூரம் போய் மேயாது. ஆக, காற்றாடிகள் எங்கெங்கே இருந்தன என்று பார்த்தாலே பண்ணை நடந்த விதம் ஓரளவு புரிந்துவிடும். மண்கரை போட்டுத் தேக்கிய குட்டைக்கு டெக்சாஸில் 'டாங்க்' என்று பெயர். நம் ஏரிகளுக்கு வெள்ளைக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதிய அதே சொல்!

1942ல் நியூ மெக்சிகோவில் குண்டுவீச்சுப் பயிற்சிக்காகப் பண்ணை நிலங்களை ராணுவம் எடுத்துக்கொண்டது. குடும்பங்கள் வெளியேறின. அப்படிக் காலியான மெக்டொனால்ட் வீட்டில்தான் 1945 ஜூலையில் முதல் அணுகுண்டின் புளூட்டோனியம் உட்கரு பொருத்தப்பட்டது. போர் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பியவர்களுக்கு அந்தப் பழைய வாழ்க்கை திரும்பக் கிடைக்கவில்லை. இப்படி ஆள் போய்விட்ட இடங்களுக்கு, தாளில் உள்ள பெயரும் ஒரு சாட்சி.

அந்தத் தாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது என்றும் இல்லை. பண்ணையின் பெயர் இருக்கும். கூலிக்கு மாடு ஓட்டியவன் பெயர் இருக்காது. அவர்களுக்கெல்லாம் முன்பே அங்கே வாழ்ந்த அப்பாச்சி மக்களுக்குச் சதுரம்கூடக் கிடையாது.

2009 முதல் அமெரிக்க வரைபடங்கள் கணினித் தரவுகளிலிருந்து தயாராகின்றன. ஒவ்வொரு தாளுக்கும் ஆள் போய்ப் பார்த்துச் சரிபார்க்கும் பழைய முறை இல்லை. வேகம் கூடியது, செலவு குறைந்தது. நல்லதுதான். நல்லவேளையாக 2011 முதல் பழைய தாள்களையும் ஸ்கேன் செய்து இலவசமாகத் தருகிறார்கள்.

இந்த வருடக் கணக்கு முடிந்துவிட்டது என்பதற்காகப் பழைய பேரேட்டை யாராவது கொளுத்துவார்களா? கடன் எங்கே தொடங்கியது என்று அதில்தானே இருக்கிறது. நிலத்தின் கணக்கும் அப்படித்தான்.