மூன்று வயதில் மவுஸ் எதற்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பலரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "குழந்தைக்காகத்தான் சார்." குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டால் மூன்று, மூன்றரை என்பார்கள். ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த வீடுகளில் இதை அடிக்கடி கேட்கிறேன். கம்ப்யூட்டர் பத்திரிகையில் இப்படி எழுதலாமா என்று நீங்கள் நினைக்கலாம். ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்ப்யூட்டர் குழந்தைக்குத் தேவையில்லை. அதன் அம்மா அப்பாவுக்குத்தான் தேவை.

மானிட்டரில் "அ" என்ற எழுத்தின் மேல் கிளிக் செய்தால் அம்மா படம் வரும், பாட்டு வரும். குழந்தையும் கை தட்டும். ஆனால் அதன் விரலுக்கு என்ன கிடைத்தது? திரையில் கல்லைத் தொட்டாலும் பஞ்சைத் தொட்டாலும் ஒரே கண்ணாடிதான். பென்சில் பிடிக்க வேண்டிய விரல்கள் உருட்டி, கிள்ளி, பிசைந்துதான் பலம் பெறும். இரண்டு முதல் நான்கு வயது வரை திரை முன் உட்காரும் நேரம் ஒரு நாளில் ஒரு மணியைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் கூறியது. இந்தக் கணக்கில் டிவியும் செல்போனும் அடக்கம்.

தொட்டுப் படிப்பது வெளிநாட்டுச் சரக்கு அல்ல. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்து கற்றார்கள். சென்னை எழும்பூரில் 1789ல் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல், ஊர்ப் பள்ளி ஒன்றில் இதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் கொண்டு வந்தார். பின்னர் இங்கிலாந்து திரும்பி 1797ல் இது பற்றி நூலே வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அங்கே பரவியது. நாம் விட்டுவிட்டோம்!

உப்புத்தாளில் எழுத்தை வெட்டி, வழவழப்பான பலகையில் ஒட்டி, குழந்தையை விரலால் தடவச் சொன்னவர் மரியா மாண்டிசோரி. இத்தாலிய டாக்டர். 1939ல் சென்னை அடையாறுக்கு ஆசிரியர் பயிற்சி நடத்த வந்தவர், போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கினார். 1942 முதல் 1944 வரை இருந்தது நமக்கு மேலே உள்ள கொடைக்கானலில்தான். அவர் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாட நோட்டு கொடுக்கும் பள்ளிகளை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

சரி, கம்ப்யூட்டரை என்ன செய்வது? வேர்டைத் திறந்து ஒரே ஒரு எழுத்தை டைப் செய்யுங்கள். விண்டோஸில் தமிழ் வரவில்லை என்றால் செட்டிங்ஸ் பகுதியில் மொழிகள் பட்டியலில் தமிழைச் சேர்த்துக்கொண்டு, விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி மாறலாம். எழுத்தை செலக்ட் செய்து, பாண்ட் சைஸ் கட்டத்தில் 72க்கு மேல் பட்டியல் இல்லையே என்று நிற்க வேண்டாம். நீங்களே 400 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். நிறத்தை வெளிர் சாம்பலாக மாற்றினால் இங்க் மிச்சம். பிரிண்ட் எடுத்துப் பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி, எழுத்தின் மேல் மட்டும் பசை தடவி, சலித்த மணலைத் தூவிக் காயவிடுங்கள். ரவையும் தூவலாம், ஆனால் எறும்பு வந்துவிடும். பிரிண்டர் இல்லாதவர்களுக்குத் தாம்பாளத்தில் பரப்பிய மணலே போதும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தங்கை பேத்திக்கு இன்னொரு விளையாட்டு பிடித்துவிட்டது. மஞ்சப்பைக்குள் பஞ்சு, உப்புத்தாள், சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணி, தேங்காய் நார் என்று போட்டு, பார்க்காமல் தொட்டு என்னவென்று சொல்ல வேண்டும். பேண்டேஜ் துணியைத் தொட்டதும் "டாக்டர் துணி!" என்றாள். போன மாதம் முழங்காலில் கட்டுப் போட்டதை அந்தக் கை ஞாபகம் வைத்திருக்கிறது. எந்த சிடியிலும் இந்தப் பாடம் கிடையாது.

அவள் அம்மா மில் வேலைக்குப் போகிறாள். "மாமா, ஷிப்ட் முடிஞ்சு வந்து சோறாக்கவே நேரம் பத்தலை. கார்ட்டூன் போட்டாத்தான் அடுப்படியில நிக்க முடியுது" என்றாள். நியாயமான பேச்சு. இந்த விஷயத்தில் அம்மாக்களைக் குறை சொல்லி எழுதுபவர்கள் ஒரு நாள் அடுப்படியில் நின்று பார்க்கட்டும். நான் சொன்னது இவ்வளவுதான்: சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை, உரிக்கப் பத்துப் பூண்டுப் பல், பட்டாணி. குழந்தை அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். கார்ட்டூன் அரை மணியாகக் குறைந்தாலே பெரிய விஷயம். அட்டை செய்யும் வேலையை ஞாயிற்றுக்கிழமை அப்பா பார்க்கட்டும், கம்ப்யூட்டர் அவருடையதுதானே!

ஓர் எச்சரிக்கை. புளியங்கொட்டை, பட்டாணி, பாசிமணி போன்றவற்றைக் கொடுத்தால் பக்கத்திலேயே பெரியவர் இருக்க வேண்டும். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் ஆபத்து. அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது விஷம்.

முதல் அட்டைக்கு "அ" வேண்டாம் என்பது என் அனுபவம். சுழியும் வளைவுமாகக் குழந்தையைக் குழப்பும். "ட", "ப" இரண்டும் நேர்க்கோடுகள்; முதலில் அவற்றைப் பிரிண்ட் எடுங்கள். வாரத்துக்கு ஓர் எழுத்து போதும்.