செஞ்சி மலைநாடும் நம் கடமையும்

கடலூரும் சிதம்பரமும் மலையற்ற ஊர்கள். ஆகவே மலை காண விழையும் நம் மாணவர் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் செல்கின்றனர். பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் வடபாலுள்ள செஞ்சியை நினைப்பார் சிலரே. 1993-ஆம் ஆண்டில் ஜில்லா பிரிந்தபோது செஞ்சி விழுப்புரத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரிக்கலாம், சரித்திரத்தைப் பிரிக்குமோ?

நம் ஊர்களின் வரலாறு செஞ்சியோடு பிணைந்தது. சிதம்பரத்துக் கோவிந்தராஜர் சந்நிதித் திருப்பணியை நடத்தியவன் செஞ்சி மன்னன் கிருஷ்ணப்ப நாயக்கன். அவன் காலத்தில், 1597-இல், அந்நகரைக் கண்ட பிமெண்டா என்னும் பாதிரியார், லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகல் நாட்டு நகரெதுவும் அதற்கு ஈடாகாதென வியந்தெழுதினார். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் 1690-இல் விலைக்கு வாங்கியதும் செஞ்சியிலிருந்து ஆண்ட மராத்தியரிடமே. கோட்டையினின்று சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தொலைவு வரையுள்ள ஊர்கள் கம்பெனிக்கு உரியவாயின. குண்டு உப்பலவாடி என்னும் பெயர் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றது.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து அமைந்தது செஞ்சிக் கோட்டை. இராஜகிரியின் உயரம் ஏறக்குறைய 800 அடி. உச்சியை அடையுமுன் ஓர் ஆழ்ந்த பிளவைப் பாலத்தின் வழியே கடத்தல் வேண்டும். 1677-இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டையில் அவர் மைந்தர் இராஜாராம் அடைக்கலம் புகுந்தார். முகலாயர் சேனை இதனைக் கைக்கொள்ள 1698 வரை ஏறக்குறைய எட்டாண்டுகள் முற்றுகையிட நேர்ந்தது.

நம்மவர் பெரும்பாலும் அறிந்தது 1714-இல் போரில் மடிந்த தேசிங்கு ராஜன் கதையொன்றே. அது நெஞ்சை உருக்குவதேயாயினும், செஞ்சியின் சரித்திரம் அதனினும் நெடிது. 2025-இல் மராட்டிய மாநிலத்துப் பதினொரு கோட்டைகளோடு செஞ்சியும் 'மராத்தியப் போர்நிலங்கள்' என்னும் பெயரால் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அப்பெருமை நமக்கு உவகையே. ஆயினும் அப்பெயரொன்றையே கொண்டு, நாயக்கர் எழுப்பிய களஞ்சியங்களையும், சிங்கவரத்துப் பல்லவர் குடைவரையையும், திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டையும் மறத்தல் தகாது.

'இடிந்த சுவரில் காண்பதற்கு யாதுளது?' என்பாரும் உளர். அறிந்து செல்வோர்க்கன்றோ கல் பேசும்! அறியாது செல்வோர் அக்கல்லில் தம் பெயரைக் கீறித் திரும்புகின்றனர். முற்றுகைகளைத் தாங்கிய சுவர் நம் கையிலுள்ள ஆணிக்கு அழிதல் நமக்கு நாணமன்றோ?

எனவே நாம் வேண்டுவது இது: ஆண்டுதோறும் நம் உல்லாசப் பிரயாணங்களுள் ஒன்று செஞ்சிக்கு ஆகுக. சரித்திர ஆசிரியர் உடன் வருக. மாணவர் குறிப்பேட்டோடு செல்க. கண்டதை இம்மலரில் எழுதுக. அண்மையிலுள்ள மலையை அறியாதான் தொலைவிலுள்ள மலையைக் கண்டு பெறும் பயன் சிறிதே.